மாஸ்டா எம்எக்ஸ்-5 சஸ்பென்சன் மேம்பாடு

மாஸ்டா எம்எக்ஸ்-5 சஸ்பென்சன் மேம்பாடு என்பது, சப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989 முதல் 1997 வரை தயாரித்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 தானுந்தின் சஸ்பென்சனை, அதாவது சக்கரங்களை உடற்சட்டத்துடன் இணைத்து அதன் எடையைத் தாங்கும் அமைப்பை, பொதுச் சாலையிலும் பந்தயத் தடத்திலும் ஓட்டுவதற்கு ஏற்ப மாற்றும் பணியைக் குறிக்கும். இத்தானுந்து சப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் வட அமெரிக்காவில் மியாட்டா என்றும் விற்கப்பட்டது. குறைந்த எடை, பின்சக்கர இயக்கம், நான்கு சக்கரங்களிலும் இரட்டைக் கரங்கள், எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகங்கள் ஆகியவற்றால், உலகில் மிகுதியாக மாற்றி அமைக்கப்படும் விளையாட்டுத் தானுந்துகளுள் ஒன்றாக இது விளங்குகிறது.

இம்மேம்பாடு பெரும்பாலும் தானுந்தைத் தாழ்த்துவதும் சுருள்வில்களைக் கடினமாக்குவதுமே எனப் புரிந்துகொள்ளப்படுகிறது. உண்மையில், டயரைத் தரையுடன் இடைவிடாது தொடர்பில் வைத்திருப்பதே சஸ்பென்சனின் முதற்பணி. எம்எக்ஸ்-5 தானுந்தில் சக்கரம் மேலெழுவதற்கு உள்ள இடம் இயல்பிலேயே குறைவு. எனவே அளவின்றித் தாழ்த்தப்பட்ட தானுந்து, தோற்றத்தில் பந்தய ஊர்தியைப் போல் இருப்பினும், தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைவிட மோசமாகவும் சில வேளைகளில் ஆபத்தாகவும் ஓடக்கூடும்.

தொழிற்சாலை அமைப்பு

எம்எக்ஸ்-5 முதன்முதலில் 1989 பெப்ரவரியில் சிக்காகோ தானுந்துக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வடிவமைப்புக் குழுவின் தலைமைப் பொறியாளர் தொசிகிகோ கிராய் ஆவார். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாதல் என்னும் பொருள்படும் 'சின்பா இத்தை' என்ற சப்பானியத் தொடரைக் குழுவினர் தம் குறிக்கோளாகக் கொண்டனர்.

தொடக்ககால 1.6 லிட்டர் தானுந்தின் எடை ஏறத்தாழ 950 கிலோகிராம். எடை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பகிரப்பட்டுள்ளது. ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக அமைந்த இரு முக்கோணக் கரங்களால் பிடிக்கப்பட்டுள்ளது. மேற்கரம் கீழ்க்கரத்தைவிடக் குட்டையானது. இதனால் சக்கரம் மேலெழும்போது அதன் தலைப்பகுதி உட்புறமாகச் சாய்கிறது. வளைவில் உடல் வெளிப்புறம் சாய்ந்தாலும் டயர் தரையில் ஓரளவு நேராகவே பதிந்திருக்க இச்சாய்வு துணைபுரிகிறது. அக்காலத்தில் இவ்விலையில் விற்கப்பட்ட தானுந்துகளில் இத்தகைய அமைப்பு நான்கு மூலைகளிலும் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

கீழ்க்கரங்களின் உட்புற மறைகள் விலகுமைய வட்டத் தகடுகள் கொண்டவை. அவற்றைத் திருப்பி முன், பின் இரு அச்சுகளிலும் சக்கரக் கோணங்களை மாற்றலாம். கூடுதல் பாகம் ஏதும் வாங்காமலேயே தடத்துக்குரிய கோணங்களுக்கு அருகில் செல்ல முடிவது இத்தானுந்தின் பெரிய வசதி. ஆனால் இம்மறைகள் புஷ்களின் உள்ளுருளையில் துருப்பிடித்து இறுகிவிடுவது பழைய தானுந்துகளில் பரவலாகக் காணப்படும் தொல்லையாகும். பல வேளைகளில் அறுத்தே எடுக்க நேரிடுகிறது.

முதலில் செய்ய வேண்டியவை

இத்தலைமுறைத் தானுந்துகளின் உற்பத்தி 1997 இல் முடிவடைந்ததால், இன்று ஓடும் ஒவ்வொன்றும் கால் நூற்றாண்டுக்கும் மேலான வயதுடையது. ரப்பர் புஷ்கள் வெடித்தும் கடினமாகியும் இருக்கும். ஷாக் அப்சார்பர் என்று பணிமனைகளில் வழங்கும் அதிர்வுத் தணிப்பிகள் தம் ஆற்றலை இழந்திருக்கும். இந்நிலையில் புதிய சுருள்வில்லை மட்டும் பொருத்துபவர், தேய்ந்த பாகத்தின் குறையைப் புதிய பாகத்தின் குணமாகத் தவறாகக் கருத நேரிடும். புதிய புஷ்கள், தொழிற்சாலைத் தரத்திலான புதிய தணிப்பிகள், நல்ல டயர்கள், சரியான வீல் அலைன்மென்ட் ஆகிய நான்குமே பெரும்பாலான உரிமையாளர்களுக்குப் போதுமானவையாக அமைகின்றன.

ஒரே அளவுள்ள இரு டயர்களின் பிடிமானத்துக்கு இடையிலான வேறுபாடு, இரு சுருள்வில்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட மிகப் பெரியது. டயர் மாறினால் தேவையான சுருள்வில்லும் மாறும் என்பதால், டயரை முதலில் தீர்மானித்துப் பிறவற்றை அதற்கேற்பத் தெரிவு செய்வதே முறை.

இயக்க நீளமும் முட்டு ரப்பரும்

தணிப்பியின் தண்டில் கோக்கப்பட்டுள்ள நுரை ரப்பர் உருளை பம்ப் ஸ்டாப் எனப்படும். சக்கரம் மேலெழும் தொலைவின் இறுதியில் உலோகமும் உலோகமும் மோதாமல் இது தடுக்கிறது. எம்எக்ஸ்-5 தானுந்தில் இந்த முட்டு ரப்பர் இறுதிக் காவல் மட்டுமன்று. கடும் வளைவுகளில் தொழிற்சாலை நிலையிலேயே இது அமுங்கத் தொடங்கி, இரண்டாவது சுருள்வில்லைப் போலச் செயல்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நின்ற நிலையில் சக்கரம் முட்டு ரப்பரைத் தொடுவதற்கு முன் 60 மி.மீ மேலெழ இடம் உள்ளது எனக் கொள்வோம். சுருள்வில்லின் கீழ்த்தட்டை இறக்கித் தானுந்தை 35 மி.மீ தாழ்த்தினால் எஞ்சுவது 25 மி.மீ மட்டுமே. சாலையில் ஒரு சிறு மேடு அதை விழுங்கிவிடும். அதன்பின் சக்கரம் சுருள்வில்லின் மேல் நில்லாமல் ரப்பரின் மேல் நிற்கிறது. ரப்பர் அமுங்க அமுங்க அம்மூலையின் கடினம் பல மடங்காக உயர்கிறது.

இதன் விளைவு வெறும் குலுக்கல் அன்று. வளைவில் உட்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் சுமையில் பெரும்பங்கை எந்த அச்சு கடினமானதோ அதுவே ஏற்கிறது. டயரின் பிடிமானம் சுமைக்கு நேர் விகிதத்தில் உயர்வதில்லை. சுமை இரட்டித்தால் பிடிமானம் இரண்டு மடங்குக்குக் குறைவாகவே உயரும். எனவே கூடுதல் சுமை மாற்றத்தை ஏற்கும் அச்சு முதலில் வழுக்கும். பின்புற முட்டு ரப்பர் வளைவின் நடுவில் திடீரென முட்டினால், அதுவரை அமைதியாக இருந்த பின்பகுதி எச்சரிக்கையின்றி வெளியே பாயும். ஓட்டுநர் இதைத் தம் பிழை என்றோ டயரின் குறை என்றோ எண்ணுவது வழக்கம்.

இக்குறையைக் களையப் பல வழிகள் உள்ளன. 1998 இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தானுந்தின் மேல் இருக்கைத் தட்டுகள் முதல் தலைமுறையினதைவிடக் கூடுதல் இயக்க நீளம் தருபவை. அவற்றைப் பழைய தானுந்தில் பொருத்துவது மலிவான, பயனுள்ள மாற்றமாகக் கருதப்படுகிறது. குட்டையான உடல் கொண்ட தணிப்பிகள் மற்றொரு வழி. படிப்படியாகக் கடினமாகும் நுண்ணறை நுரையாலான முட்டு ரப்பர்களும் கிடைக்கின்றன. முட்டு ரப்பரை அறுத்துக் குட்டையாக்கும் பழக்கம் சில பணிமனைகளில் உண்டு. தணிப்பியின் உள்ளே உலோகம் மோதும் வாய்ப்பை அறியாமல் இதைச் செய்தல் கூடாது.

தண்டில் ஒரு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை இறுக்கிவிட்டு ஓட்டினால், திரும்பி வரும்போது அது நகர்ந்து நிற்கும் இடம் தணிப்பி எவ்வளவு அமுங்கியது என்பதைக் காட்டும். செலவில்லாத இச்சோதனை, விலையுயர்ந்த பல பாகங்களைவிட அதிகம் கற்பிக்கக்கூடியது.

தாழ்த்துதலின் பயனும் இழப்பும்

ஓட்டுநருடன் 1050 கி.கி எடை, 0.45 மீட்டர் உயர ஈர்ப்பு மையம், 1.4 மீட்டர் சக்கர இடைவெளி ஆகியவற்றைக் கொண்ட தானுந்து, புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான பக்கவாட்டு முடுக்கத்துடன் வளைவில் செல்கிறது எனக் கொள்வோம். எடையை உயரத்தால் பெருக்கி இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும் 338 கி.கி, உட்புறத்திலிருந்து வெளிப்புறத்துக்கு மாறும் சுமையாகும். தானுந்தை 30 மி.மீ தாழ்த்தினால் இது 315 கி.கி ஆகக் குறைகிறது. தாழ்த்துவதால் நேரும் உண்மையான பயன் ஏறத்தாழ 7 விழுக்காடு.

இக்கணக்கில் சுருள்வில்லின் கடினம் எங்கும் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடினமான சுருள்வில் உடற்சாய்வைக் குறைக்கும். மொத்தச் சுமை மாற்றத்தைக் குறைக்காது. அச்சுமை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எவ்வாறு பங்கிடப்படும் என்பதை மட்டுமே சுருள்வில்களும் சாய்வுத் தடுப்புத் தண்டுகளும் தீர்மானிக்கின்றன.

இழப்பு கரங்களின் கோணத்தில் உள்ளது. கீழ்க்கரம் சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சரியும் அளவுக்குத் தாழ்த்தப்பட்ட தானுந்தில், உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான நெம்புகோல் நீளுவதால், தாழ்ந்த தானுந்து முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். திருப்புத் தண்டின் கோணமும் மாறுவதால் மேடுகளில் சக்கரம் தானே சற்றுத் திரும்பும். நீட்டிய கீழ்ப் பந்து மூட்டுகளைப் பொருத்தி இக்கோணங்களைச் சீர்செய்யலாம். ஆயினும் அளவோடு தாழ்த்தியிருந்தால் இப்பாகத்துக்கே தேவை எழாது.

உயரத்தை அளக்கையில் தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து மேலுள்ள தகட்டின் விளிம்பு வரை அளப்பது வழக்கம். டயரின் அளவும் காற்றழுத்தமும் இவ்வளவைப் பாதிப்பதில்லை.

சுருள்வில்கள்

சுருள்வில்லின் கடினம், அதை 1 மி.மீ அமுக்கத் தேவையான விசையால் குறிக்கப்படுகிறது. சுருள்வில் கரத்தின் நடுப்பகுதியில் நிற்பதால் சக்கரத்தில் உணரப்படும் கடினம் இதைவிடக் குறைவு. சக்கரம் 10 மி.மீ எழும்போது சுருள்வில் 7 மி.மீ மட்டுமே அமுங்கினால் நெம்புகோல் விகிதம் 0.7 ஆகும். சக்கரக் கடினத்தைப் பெற சுருள்வில்லின் கடினத்தை இவ்விகிதத்தின் இருபடியால், அதாவது 0.49 ஆல் பெருக்க வேண்டும். வேறொரு தானுந்தில் சிறப்பாக அமைந்த சுருள்வில் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாமைக்கு இதுவே காரணம்.

தானுந்துகளை ஒப்பிட இயல் அதிர்வெண் ஏற்ற அளவு. ஒரு மூலையில் சுருள்வில் தாங்கும் எடை 230 கி.கி எனவும் சக்கரக் கடினம் மி.மீட்டருக்கு 18 நியூட்டன் எனவும் கொண்டால் இயல் அதிர்வெண் 1.4 ஹெர்ட்ஸ். கடினத்தை இரட்டிப்பாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாவதில்லை, 2.0 ஹெர்ட்ஸ் ஆகிறது. சொகுசுத் தானுந்துகள் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் அளவிலும், சாலை விளையாட்டுத் தானுந்துகள் 1.5 முதல் 2 வரையிலும், காற்றழுத்த இறக்கைகள் இல்லாத பந்தயத் தானுந்துகள் 2 ஹெர்ட்ஸுக்கு மேலும் அமைகின்றன.

சாலை, தடம் இரண்டுக்குமாக மாற்றப்படும் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 தானுந்துகளில் முன்புறம் மி.மீட்டருக்கு 50 முதல் 70 நியூட்டன் வரையிலும், பின்புறம் 35 முதல் 50 வரையிலும் உள்ள சுருள்வில்கள் பரவலாகத் தெரிவு செய்யப்படுகின்றன. நெம்புகோல் விகிதத்தை 0.7 எனக் கொண்டால், முன் அதிர்வெண் 1.6 முதல் 1.9 ஹெர்ட்ஸ் வரை அமையும். ஒப்புநோக்க, அமெரிக்காவின் ஸ்பெக் மியாட்டா என்னும் பந்தய வகுப்பின் விதிகளில் குறிக்கப்பட்ட சுருள்வில்கள் அங்குலத்துக்கு முன்னே 700 பவுண்டு, பின்னே 325 பவுண்டு, அதாவது மி.மீட்டருக்கு ஏறத்தாழ 123, 57 நியூட்டன்கள் ஆகும். இவ்வெண்கள் குறிப்பிட்ட பந்தய டயருக்கும் செப்பமான தடங்களுக்கும் உரியவை. பந்தயத்தில் வென்றது என்பதற்காக இவற்றைச் சாலைத் தானுந்தில் பொருத்துவோர் குண்டும் குழியுமான வழியில் பிடிமானத்தை இழக்கின்றனர்.

சாலைத் தானுந்துகளில் பின் அதிர்வெண் முன்னதைவிடச் சற்று உயர்வாக இருப்பது நன்று என்பதை 1930களில் செனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் மோரிஸ் ஆலி என்னும் பொறியாளர் காட்டினார். மேட்டை முன்சக்கரம் முதலிலும் பின்சக்கரம் பிறகும் சந்திப்பதால், பின்புறம் விரைவாக ஆடினால் இரண்டும் ஒத்திசைந்து தானுந்து தலையாட்டாமல் செல்லும். தடத்துக்கென அமைப்போர் இவ்விதியைப் பெரும்பாலும் கைவிடுகின்றனர்.

உயரத்தை மாற்றத்தக்க திருகுத் தட்டுகளுடன் தணிப்பியும் சுருள்வில்லும் ஒன்றாக வரும் தொகுதி காயில்-ஓவர் எனப்படும். குட்டையான, கடினமான சுருள்வில் சக்கரம் முழுதும் தொங்கும்போது தன் இருக்கையில் தளர்ந்துவிடும் என்பதால், அதைப் பிடித்து வைக்க மெல்லிய துணைச் சுருள்வில் சேர்க்கப்படுகிறது. மலிவான தொகுதிகள் பலவற்றில் சுருள்வில்லுக்குப் பொருந்தாத தணிப்பியே அமைந்திருக்கும். உயரத்தை மாற்றும் வசதி இருப்பது தரத்துக்குச் சான்றாகாது.

அதிர்வுத் தணிப்பிகள்

சுருள்வில் ஆற்றலைச் சேமிக்கிறது. தணிப்பி அதை வெப்பமாக்கி வெளியேற்றுகிறது. எண்ணெய் நிறைந்த குழாயில் சிறுதுளைகளும் தகட்டு அடைப்பான்களும் கொண்ட உந்துருளை நகரும்போது எழும் தடையே தணிப்பாகும். சுருள்வில்லின் கடினம் இரட்டித்தால் அதே அளவு அடக்கத்துக்குத் தணிப்பு 1.4 மடங்கு உயர வேண்டும். பழைய தணிப்பியின் மேல் கடினமான சுருள்வில்லைப் பொருத்தினால் தானுந்து ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னும் துள்ளிக்கொண்டே செல்வது இதனால்தான்.

இரட்டைக் குழாய் வகையில் எண்ணெயும் காற்றும் ஒன்றையொன்று தொடும் நிலையில் உள்ளன. தடத்தில் தொடர்ந்து விரைந்து ஓட்டும்போது எண்ணெய் நுரைத்துத் தணிப்பு குன்றக்கூடும். ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் உந்துருளை ஒன்று எண்ணெயையும் உயரழுத்த நைட்ரசனையும் பிரிக்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் கிறித்தியான் பூர்சியே டி கார்போன் உருவாக்கிய இவ்வகையைச் செருமனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950களில் உரிமம் பெற்றுப் பரவலாக்கியது. மாஸ்டா நிறுவனமே 1994 இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆர் தொகுப்பில் பில்ஸ்டைன் தணிப்பிகளைப் பொருத்தியது. நெதர்லாந்தின் கோனி நிறுவனத்தின் சரிசெய்யத்தக்க தணிப்பிகளும் இத்தானுந்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகின்றன.

தணிப்பு இரு திசையிலும் நிகழ்கிறது. சக்கரம் எழும்போது அமுக்கத் தணிப்பும், திரும்ப இறங்கும்போது மீள்தணிப்பும் செயல்படுகின்றன. தண்டு மெதுவாக நகரும் நிலை உடலின் சாய்வையும் திருப்பத்தின் உணர்வையும் ஆள்கிறது. வேகமாக நகரும் நிலை குழிகளையும் தட ஓரத் திட்டுகளையும் சந்திக்கும்போது எழுவது. வேக நிலையில் தணிப்பு மிகுதியானால் சக்கரம் திட்டின்மேல் ஏறாமல் தானுந்தையே தூக்கிவிடும்.

திருகுகொண்டு சரிசெய்யும் தணிப்பிகளை வாங்குவோர் எல்லாவற்றையும் இறுக்கிவிடுவது மிகப் பரவலான பிழை. தொடக்கத்தில் திருப்பம் கூர்மையாகத் தோன்றும். ஆனால் மீள்தணிப்பு அளவுமீறினால், ஒரு மேட்டில் எழுந்த சக்கரம் அடுத்த மேடு வருமுன் இறங்க முடியாமல் போகிறது. தொடர் மேடுகளில் தானுந்து படிப்படியாகத் தாழ்ந்து முட்டு ரப்பரில் உட்கார்ந்துவிடும். உயரத்தை மாற்றாமலேயே தாழ்த்திய தானுந்தின் அத்தனை குறைகளும் வந்து சேர்கின்றன.

சாய்வுத் தடுப்புத் தண்டுகள்

ஓர் அச்சின் இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இணைத்து முறுக்கத்தால் சாய்வைத் தடுக்கும் தண்டு இது. இதன் கடினம் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்ப உயரும். 19 மி.மீ தண்டுக்குப் பதிலாக 22 மி.மீ திண்மத் தண்டைப் பொருத்தினால் கடினம் 1.8 மடங்காகிறது. கண்ணுக்கு 3 மி.மீ சிறிதாகத் தோன்றலாம்.

முன்தண்டைத் தடிப்பாக்கினால் தானுந்து வளைவில் வெளிநோக்கி விலகும் போக்கையும், பின்தண்டைத் தடிப்பாக்கினால் பின்பகுதி வழுக்கும் போக்கையும் பெறும். பின்சக்கர இயக்கத் தானுந்தில் பின்தண்டு மிகத் தடித்தால், வளைவிலிருந்து வெளிவரும்போது உட்சக்கரம் சுமையின்றி வெறுமனே சுழலும். எனவே முன்தண்டை மட்டும் மாற்றி, பின்புறத் தண்டை அப்படியே விட்டுவிடுவோர் பலர். இருவழிப் பயன்பாட்டுக்குத் தண்டின் சிறப்பு, இரு சக்கரங்களும் ஒன்றாக எழும் மேடுகளில் அது வேலை செய்யாமல் இருப்பதே.

புஷ்கள்

கரங்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் சாலை இரைச்சலை உறிஞ்சுகின்றன; கடும் விசையில் நெளிந்து சக்கரக் கோணத்தைக் கெடுக்கவும் செய்கின்றன. பாலியூரித்தேன் புஷ்கள் நெளிவைக் குறைக்கின்றன. ஆனால் அவை ரப்பரைப் போல் முறுகாமல் வழுக்கியே திரும்புவதால், உரிய பசை தடவப்படாவிட்டால் கிறீச்சிடும். உலோகக் கோள மூட்டுகள் மிகத் துல்லியமானவை. மழையிலும் புழுதியிலும் அவை விரைவில் தேய்வதால் அன்றாடத் தானுந்துக்குப் பொருந்துவதில்லை.

ரப்பர் புஷ் பொருத்தும்போது தானுந்தைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே மறைகளை இறுக்கிவிடுவது பல பணிமனைகளில் நிகழும் தவறு. புஷ்ஷின் உள்ளும் புறமும் உலோகத்தோடு ஒட்டியிருப்பதால், தரையில் இறக்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்ட நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். தானுந்தின் எடை சக்கரங்களின் மேல் நிற்கும்போதே இறுதி இறுக்கம் செய்யப்பட வேண்டும்.

வீல் அலைன்மென்ட்

முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உட்புறம் சாய்ந்திருப்பது எதிர்மறைக் கேம்பர் எனப்படும். அன்றாடச் சாலைக்கு 1 முதல் 1.5 பாகை வரை போதுமானது. தடத்தில் நல்ல டயர்களுடன் முன்புறம் 2.5 முதல் 3 பாகை வரை வைக்கப்படுகிறது. பின்புறம் அதைவிடச் சற்றுக் குறைவாக வைப்பது வழக்கம். மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு டோ ஆகும். பின்சக்கரங்கள் சற்றே உள்நோக்கியிருப்பது நேர்வழியில் உறுதியைத் தரும். பின்சக்கரங்களை வெளிநோக்கி வைப்பது சாலைத் தானுந்தில் தவிர்க்கப்பட வேண்டும்.

எதிர்மறைக் கேம்பர் டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும் என்னும் அச்சம் மிகைப்படுத்தப்பட்டது. டயரை உண்மையில் அரைப்பது தவறான டோவே ஆகும். கேம்பரை மாற்றும்போது டோவும் மாறிவிடுவதால் பழி கேம்பரின் மேல் விழுகிறது.

தடத்தில் சில சுற்றுகள் ஓட்டியவுடன் ஊசி வெப்பமானியால் டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளை அளந்து கோணங்களைச் சரிபார்க்கலாம். வெளிப்பகுதி மிகச் சூடானால் கேம்பர் போதவில்லை. நடுப்பகுதி மிகச் சூடானால் காற்றழுத்தம் மிகுதி.

மூலை எடைகள்

நான்கு கால் மேசையின் ஒரு கால் குட்டையானால் அது ஆடும். உயரத்தைத் திருகி மாற்றத்தக்க தானுந்தும் அவ்வாறே. அளவுகோலால் நான்கு மூலை உயரங்களையும் சமமாக வைத்தாலும் எடைகள் சமமாக இரா. நான்கு தனித் தராசுகளின் மேல் நிறுத்தி, ஓட்டுநரின் எடையை இருக்கையில் வைத்து, சாய்வுத் தண்டின் இணைப்புகளைக் கழற்றிய பின் அளக்க வேண்டும். முன் இடதும் பின் வலதும் சேர்ந்த எடை, மொத்தத்தில் பாதிக்கு அருகில் இருந்தால் தானுந்து இடவளைவிலும் வலவளைவிலும் ஒரே தன்மையாக நடந்துகொள்ளும். ஓட்டுநர் மட்டும் அமரும் சிறு தானுந்தில் அவர் எடையே மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் வருவதால், வெற்று இருக்கையுடன் அளப்பது பயனற்றது.

சாலையும் தடமும்

தடம் என்பது ஒரே வகைப்பட்டதன்று. சப்பானின் சுகுபா தடம் 2.045 கி.மீ நீளமுள்ளது. இதழாளர்கள் ரோட்ஸ்டர் தானுந்துகளில் மோதும் நான்கு மணிநேரப் பந்தயம் அங்கேயே நடைபெற்று வந்துள்ளது. இத்தகைய செப்பமான குறுந்தடத்துக்குத் தாழ்ந்த, கடினமான அமைப்பு பொருந்தும். செருமனியில் 1927 இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் வடசுற்று 20.8 கி.மீ நீளமும் ஏறத்தாழ 300 மீட்டர் உயர வேறுபாடும் கொண்டது. அங்குள்ள ஃபுக்ஸ்ரோரே என்னும் இறக்கத்தின் அடியில் தானுந்து முழு வேகத்தில் பள்ளத்தில் அழுத்தப்படுகிறது. இயக்க நீளம் போதாத தானுந்து அங்கு முட்டு ரப்பரில் அமர்ந்து, அடுத்து வரும் வளைவுக்குத் தயாராகாமலே மேலேறும். சுகுபாவுக்கு அமைத்ததை அப்படியே இங்குக் கொண்டுவருவது ஆபத்தானது.

வடசுற்று, பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நேரங்களில் கட்டணச் சாலையாகவே கருதப்படுகிறது. செருமானியப் போக்குவரத்து விதிகள் அங்கும் பொருந்தும். எண் பலகையுடன் வந்து ஓட்டி, அதே தானுந்தில் வீடு திரும்புவோரே பெரும்பான்மையினர். இருவழிப் பயன்பாட்டுக்கான அமைப்பில் தடத்து நேரத்தைவிட வீடு திரும்பும் வழிக்கு முன்னுரிமை அளிக்கப்படுவதற்கு இதுவே காரணம். கோணங்களையும் தணிப்பியின் திருகையும் தடத்தில் மாற்றிவிட்டுத் திரும்புமுன் பழைய நிலைக்குக் கொண்டுவருவோர் ஒவ்வொரு நிலையையும் ஏட்டில் குறித்துவைக்கின்றனர். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்தால்தான் அக்குறிப்பு பயன்படும்.

திறந்த கூரைத் தானுந்து என்பதால், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பி பொருத்தப்படாத எம்எக்ஸ்-5 தானுந்துகளைப் பல தடங்கள் அனுமதிப்பதில்லை. சஸ்பென்சன் மேம்பாட்டால் வளைவு வேகம் உயரும்போது இதன் தேவையும் உயர்கிறது.

சட்டம்

செருமனியில் சுருள்வில், தணிப்பி போன்ற பாகங்களுக்கு வகை ஒப்புதலோ பாகச் சான்றோ தேவை. பல மாற்றங்களை டியூவ் போன்ற ஆய்வமைப்பு சோதித்த பிறகு ஊர்தி ஆவணத்தில் பதிய வேண்டும். இல்லையெனில் சாலையில் ஓட்டும் உரிமம் இழக்கப்படும். சப்பானில் சாக்கென் எனப்படும் கட்டாய ஆய்வில் தரையிடைவெளி பொதுவாக 9 செ.மீ இருத்தல் வேண்டும். பிரித்தானியாவில் மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமை காப்பீட்டையே செல்லாததாக்கக்கூடும். சாலைக் காப்பீடுகள் பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்துக்கு இழப்பீடு வழங்குவதில்லை. தடநாளுக்கெனத் தனிக் காப்பீடு நாள் கணக்கில் விற்கப்படுகிறது.

பழைய சுருள்வில்களையும் தணிப்பிகளையும் உரிமையாளர்கள் எறியாமல் வைத்திருப்பது நல்லது. ஆய்வுக்காக மீண்டும் பொருத்தவும் அவை உதவுகின்றன. மாற்றப்படாத முதல் தலைமுறைத் தானுந்துகள் அருகிவரும் நிலையில், விற்பனையின்போது மூலப் பாகங்களுக்குத் தனி மதிப்பும் உண்டு.